பழைய பாட்டு ஒன்றைக் கேட்டதும் உங்களுக்கு எந்த உடை, எந்த அலங்காரம் ஞாபகம் வரும்? இன்றும் அதை அணிகிறீர்களா?

கொலுசு. சலங்கை வைத்த வெள்ளிக் கொலுசு. இன்றைக்கும் காலில் இருக்கிறது. இந்தப் பாட்டு என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல வராது. எண்பதுகளில் ரேடியோவில் வந்த எந்தப் பாட்டைக் கேட்டாலும் எனக்குக் கூடவே கொலுசுச் சத்தமும் கேட்கும்.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. இளையராஜாவின் முதல் படம் வந்த 1976தான் நான் பிறந்த வருஷமும். எங்கள் வீட்டு முன்கட்டு அப்பாவின் பட்டறை. சேலத்துக் கொலுசு ஒரே ஆள் கையில் உருவாவது கிடையாது. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் பெண்கள் உட்கார்ந்து கண்ணி கோப்பார்கள், வேறொரு தெருவில் அச்சில் அடித்துச் சலங்கை செய்வார்கள். எல்லாம் வந்து சேர்ந்தபின் பற்றவைப்பு, கடைசியில் மெருகு. அப்பாவுக்குப் பற்றவைப்பு வேலை. பற்றவைக்கும் பொடியையும் வெங்காரத்தையும் இணைப்பில் வைத்து, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை ஊதுகுழலால் வளைத்து அந்தப் புள்ளியில் மட்டும் படும்படி ஊதுவார். ஒரு நொடி பிந்தினால் பொடியோடு சலங்கையும் சேர்ந்து உருகிவிடும்.

பட்டறையில் மரப்பலகை மேல் ஒரு பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் இருந்தது. காலையில் இலங்கை வானொலி, பிறகு விவித் பாரதி. அப்பாவுக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் வாயில் ஊதுகுழல் இருக்கும்போது எப்படிப் பாடுவது? குழலை எடுத்ததும் பாட்டு எந்த இடத்தில் போகிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்வார். பல்லவியில் இரண்டு சொல், சரணத்தில் பாதி வரி, மறுபடி ஊதல். நான் முதன்முதலில் பாட்டுக் கற்றது அப்படித்தான், நடுவில் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் சின்ன அக்காமார்கள் கண்ணிகளைத் தட்டில் கொட்டும் சத்தம் இருக்கும். அப்பா பற்றவைத்த கொலுசைத் தூக்கிப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார், அது இருக்கும். எனக்கு அது தனிச் சத்தமாகத் தெரியவில்லை. பாட்டிலேயே உள்ளதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியதற்குக் காரணம் இதுதான். அலங்காரம் என்றாலே கண்ணுக்கானது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது காது வழியாகத்தான் வந்தது. படம் தியேட்டருக்கு வரும் முன்னால் பாட்டு வந்துவிடும். அந்தக் கதாநாயகி என்ன உடுத்தியிருப்பாள் என்று பாட்டைக் கேட்டே முடிவு செய்துகொள்வோம். படம் பார்க்கப் போகும்போது பெரும்பாலும் எங்கள் கற்பனைச் சேலைதான் நன்றாக இருந்திருக்கும்.

இதில் எங்கள் ஆயா காலம் இன்னும் சுவாரசியம். அவர்கள் பார்த்த படங்கள் கருப்பு வெள்ளை. பாட்டு தெரியும், சேலையின் கரையும் கொசுவமும் தெரியும், கலர் மட்டும் தெரியாது. அதைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஆயாவும் சின்ன ஆயாவும் ஒரு பழைய பாட்டை வைத்து, அந்தம்மா கட்டியிருந்தது மாம்பழக் கலரா ராமர் பச்சையா என்று சண்டை போட்டதை நானே கேட்டிருக்கிறேன். படம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு!

"மாம்பழம்தான்டி. அந்தக் குரலுக்குப் பச்சை ஒத்து வருமா?" என்பார் ஆயா.

ஒரு குரலுக்கு ஒரு கலர் ஒத்து வரும் என்பது எனக்கு இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலமே இருக்கிறதே. எந்தப் பட்டுக் கடையில் போய் எம்.எஸ். புளூ என்று கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். காஞ்சிபுரத்துத் தறியில் பிறந்த கலர், ஒரு பாடகியின் பெயரில் நிலைத்துவிட்டது.

1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். எடுத்தது எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கியவர் டி.ஆர். சுந்தரம். அவர் நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். தமிழ்ப் படத்துக்குக் கலர் கொண்டுவந்தவர் துணி படித்த ஆள் என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. நூலுக்குச் சாயம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த ஊரில், திரை மட்டும் வெள்ளையாகக் கிடந்தால் அந்த மனுஷனுக்கு உறுத்தியிருக்கும். ஆயா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, பாட்டில் பார்த்த கலரில் ஒரு சேலை வேண்டும் என்று ஜவுளிக் கடையில் கேட்டாராம். கடைக்காரர், "நேத்திருந்து நீங்க ஆறாவது ஆளு" என்றாராம். ஏற்காடு ரோட்டில் போகும்போது அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவை இன்றும் பார்க்கலாம். உள்ளே இருந்த தளங்கள் போய்விட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்த இடம். பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் என் கை தானாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்யும்.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, சேலத்தில் குகை என்ற பகுதியில் டெய்லர் கடை வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் பெல்பாட்டம் தைத்துத் தள்ளியவர். பாட்டம் 24 இன்ச் வேண்டும், 26 வேண்டும் என்று கேட்டு வந்தவர்களே, சில வருஷத்தில் அதைக் குறைத்துத் தரச் சொல்லி அதே பேண்ட்டோடு வந்தார்கள். வெட்டியெடுத்த முக்கோணத் துண்டுகளை மாமா தூக்கிப் போடவில்லை. காக்கி, பழுப்பு, பாட்டில் பச்சை என்று ஒரு மூட்டை சேர்ந்தது. அதையெல்லாம் ஒட்டுப்போட்டு எனக்கு ஒரு தோள்பை தைத்துக் கொடுத்தார். "பாப்பா, இதுல எத்தனை பேரோட ஸ்டைல் இருக்குதுன்னு உனக்குத் தெரியாது" என்றார். அதில்தான் என் கேசட்டுகள் இருந்தன.

கேசட் என்றதும் கடையில் வாங்கும் கம்பெனி கேசட்டை நினைக்காதீர்கள். அதற்குக் காசு இருந்ததில்லை. வெற்றுக் கேசட்டும் ஒரு பேப்பரில் எழுதிய பாட்டு லிஸ்ட்டும் கொண்டுபோய் ரெக்கார்டிங் கடையில் கொடுப்போம். அறுபது நிமிஷக் கேசட், பக்கத்துக்கு முப்பது. ஆறு பாட்டு முழுசாக ஏறும், ஏழாவது பாட்டு பாதியில் நிற்கும். கடைக்கார அண்ணன், "ஏழாவதை விட்டுடவாம்மா?" என்று கேட்பார். விட வேண்டாம் என்போம். பாதிப் பாட்டானாலும் பாட்டுதானே. இன்றைக்கு அந்தப் பாட்டுகளை முழுசாகக் கேட்டாலும், இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் என் மனசு டக்கென்று நிற்கும்.

1992இல் ஏ.ஆர். ரகுமான் வந்தபோது எனக்குப் பதினாறு. அந்த வயதில் வருகிற இசை ஆளையே மாற்றிவிடும். பாவாடை தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறியது அப்போதுதான், எங்கள் தெருவில் நானும் இன்னும் இரண்டு பேரும். அம்மாவுக்கு அதில் வருத்தம். அப்பா மட்டும், "சுடிதாருக்கு மேலே தெரியாத மாதிரி கொலுசு போட்டா எதுக்குப் போடணும்? பேண்ட்டோட கணுக்காலை ஒரு இன்ச் தூக்கித் தைக்கச் சொல்லு" என்றார். மாமா தூக்கித் தைத்தார். கல்லூரியில் என்னைப் பார்த்து நான்கைந்து பேர் அப்படித் தைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு டிசம்பரில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ் டேப்பில் பாட்டு, மேலே போனதும் ஏரிக்கரையில் பனி. சேலத்துக்காரர்களிடம் ஸ்வெட்டர் எங்கே இருக்கும்? அண்ணனுடையது, பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையது என்று ஆளுக்கொன்று இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். நான் மறக்காதது வேறு. வெள்ளி குளிரைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். விடிகாலையில் வெளியே வந்து பத்தடி வைப்பதற்குள் கொலுசு கணுக்காலில் ஐஸ் வளையம் மாதிரி ஒட்டியது. யாரும் பேசாத அந்தப் பனிக்குள் என் கால் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் போன தோழி எதிரே எதுவும் தெரியாமல், "நீ பின்னாடிதானே வர்றே, கேட்டுட்டே இருக்கேன்" என்றாள்.

1999இல் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் மேலாளர் கூப்பிட்டு, "இங்கே இந்தச் சத்தமெல்லாம் வேண்டாம், டிஸ்டர்பாக இருக்கிறது" என்றார். அதே ஹாலில் டைப் அடிக்கும் சத்தம், தொலைபேசி மணி, ஜன்னல் ஏசி உறுமுவது எல்லாம் இருந்தது. அவை வேலைச் சத்தங்கள், என்னுடையது மட்டும் இடைஞ்சல். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. புது வேலை, வீட்டுக்குச் சம்பளம் தேவை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொலுசைக் கழற்றித் தரச் சொன்னார். அவரே பற்றவைத்த ஜோடி, 180 கிராம், ஒரு காலுக்கு 28 சலங்கை. கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் சின்ன வெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, வெட்டும் முன்னால் டிரான்சிஸ்டரை அணைத்தார். பட்டறை நேரத்தில் அவர் அதை அணைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு சலங்கையையும் விரலால் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் அடித்ததுதான். உள்ளே இருக்கும் குருமணி, இரண்டு பாதியும் சேர்ந்த விளிம்பு, பற்றவைப்பு எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதையெல்லாம் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் சுருதி மாறும் என்று சொன்னார். அரைமணி நேரம் கேட்டுக் கேட்டு, காலுக்கு ஒன்றாக இரண்டை மட்டும் விட்டார். மீதி 54ஐ ஒரு தைல டப்பாவில் போட்டு மூடினார்.

"இந்த ரெண்டும் சன்னமா பேசும் கண்ணு. உனக்குக் கேக்கும், அவங்களுக்குக் கேக்காது."

அந்த ஒற்றைச் சலங்கையோடுதான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இந்தக் காலத்தில் ஊரும் மாறியது. மெஷினில் வார்த்த கொலுசு வந்தது, மெல்லிசாக, சத்தமில்லாமல். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபின் கனமான சலங்கைக் கொலுசு கேட்பவர்கள் இன்னும் குறைந்துவிட்டார்கள். எடை குறைக்க வேண்டுமென்றால் முதலில் கழற்றப்படுவது சலங்கைதான். சத்தமில்லாத கொலுசு போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் வசதி. ஆனால் கடையில் ஒரு கொலுசைக் கையில் எடுத்ததும் முதலில் உலுக்கிப் பார்க்காமல் எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று மட்டும் கேட்டு வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. போன தை மாதம் டப்பாவைத் திறந்தேன். தெரிந்த பட்டறைக்கு எடுத்துப் போய், காலுக்குப் பத்து சலங்கை திரும்ப வைத்துத் தரச் சொன்னேன். அங்கே இருந்த தம்பி எந்தப் பத்து என்று கூடக் கேட்காமல் ஒரு பிடி அள்ளினான். நிறுத்தச் சொல்லிவிட்டு, அவன் முக்காலியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டேன். அப்பா அளவுக்கு எனக்குக் காது கிடையாது. ஆனாலும் எட்டாவது சலங்கைக்குள் வித்தியாசம் பிடிபட ஆரம்பித்தது. அந்தத் தம்பியும் காஸ் டார்ச்சை அணைத்துவிட்டுக் காதைக் கொண்டுவந்தான். "அக்கா, இது கொஞ்சம் தட்டையா இருக்குது, வேண்டாம்" என்று இரண்டை அவனே தள்ளினான்.

இப்போது அலுவலகத்துக்குப் பெரும்பாலும் சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலைதான், கூட இந்தக் கொலுசு. இப்போதைய அலுவலகத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் வரும் சத்தம் கேட்டு டீ எடுத்து வைப்பதாக ஒரு அம்மா சொன்னார்.

டப்பாவில் மீதி 34 இருந்தன. என் மகள் இரண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொக்கி வைத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். நாள் முழுக்க இயர்போன் மாட்டிக்கொண்டு திரிகிறவள், அதற்காகவே இப்போது ஒரு பக்கம் கழற்றி வைத்திருக்கிறாள். "கால்ல போட்டா ஊருக்கே கேக்கும்மா. காதுல போட்டா எனக்கு மட்டும்" என்றாள். அவள் தலையைத் திருப்பும்போது நான் பக்கத்தில் இருந்தால் எனக்கும் கேட்கிறது.