மூன்று முட்டைக்கு ஆளி விதை போதுமா?

கேள்வி: என் மகளுக்கு முட்டை, பால் இரண்டுமே ஒவ்வாமை. மூன்று முட்டை சேர்க்க வேண்டிய கேக்கில் மூன்றுக்கும் ஆளி விதைக் கரைசலையும், வெண்ணெய்க்கு அதே எடை எண்ணெயையும் ஊற்றினேன். மேலே சிவந்துவிட்டது, நடுவில் எவ்வளவு நேரம் வைத்தும் பிசுபிசுப்பு போகவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஆளி விதையால் முடியாத வேலையை அதற்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு மேஜைக்கரண்டிப் பொடியை மூன்று மேஜைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கரண்டியால் தூக்கினால், வெள்ளைக்கரு போலவே நூலாக இழுபடும். ஏமாறுவது அங்கேதான். முட்டையின் புரதம் சூடுபட்டதும் இறுகி, உப்பிய மாவை அப்படியே தாங்கி நிற்கும். ஆளி விதையின் கொழகொழப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, அப்படி இறுகாது. ஒரு முட்டை மட்டும் சேரும் பிஸ்கட்டுக்கோ மஃபினுக்கோ இது அருமையாகப் பொருந்தும். மூன்று முட்டை என்றால் கைவிட்டுவிடும்.

எண்ணெயின் அளவும் கூடிவிட்டது. வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் நீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் ஒரு மேஜைக்கரண்டி நீரும் போதும்.

அந்தச் செய்முறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். முட்டையே கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், கோகோ மூன்று மேஜைக்கரண்டி, பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். இதில் நீர் 240 மில்லி, எண்ணெய் 80 மில்லி, கடைசியாக வினிகர் ஒரு மேஜைக்கரண்டி. வினிகர் பட்டதும் மாவில் சிறு குமிழிகள் கிளம்பும். கேக்கை உப்ப வைப்பது அந்த வாயுதான், அது அடங்குவதற்குள் டின் ஓவனுக்குள் போய்விட வேண்டும். ஆகவே ஓவனை முன்பே 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிவிடுங்கள். 20 சென்டிமீட்டர் டின்னில் 30 முதல் 35 நிமிடம். நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள்.

வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கும் பண்டங்களுக்கு மட்டும் கொண்டைக்கடலை வெந்த நீர் கைகொடுக்கும். நீர்த்திருந்தால் சுண்டக் காய்ச்சி, குளிரவைத்து அடியுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி ஒரு வெள்ளைக்கருவுக்கு ஈடு. பருப்பு வகைகளும் மகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் இதைத் தொடாதீர்கள்.

மோர் கேட்கும் செய்முறையில் ஒரு கோப்பை சோயா பாலில் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். திரிந்து கெட்டியாகும், சோயா ஒத்துக்கொள்பவர்களுக்கு அதுவே போதும்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றுக்கு. 'முட்டையில்லாதது' என்ற பெயரை நம்பி எதையும் மகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முட்டையில்லா கேக்குகள் பலவற்றில் கன்டென்ஸ்டு மில்க்கும் தயிரும்தான் முட்டையின் இடத்தில் இருக்கின்றன. லாக்டோஸ் நீக்கிய பாலும் ஒவ்வாமைக்கு உதவாது. அதில் சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் அப்படியே இருக்கிறது. நெய்யிலும் அந்தப் புரதம் சிறிதளவு தங்கியிருக்கலாம். பால் சேராதது என்று விற்கும் கிரீம் பொடியிலும் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு, அதுவும் பால் புரதமே. பொட்டலத்தின் முன்பக்கம் என்ன சொன்னாலும், பின்பக்கத்தில் கேசின், கேசினேட், வே (whey, பால் திரிந்ததும் பிரியும் நீர்), பால் திடப்பொருள் என்று ஏதாவது தென்படுகிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள். போன மாதம் வாங்கியதே ஆனாலும் படியுங்கள், சேர்மானம் மாறியிருக்கக்கூடும்.