பால்மரக் காட்டுக்குள் சைக்கிள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன ஆண்டு வேலை விஷயமாக இங்கிலாந்து போயிருந்தபோது நியூ ஃபாரஸ்ட் பகுதியில் சைக்கிள் ஓட்டினேன். குட்டைக் குதிரைகள் பாதையோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. பழைய ரயில் தடம் ஒன்றைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். வெகுதூரம் போயும் ஒரு கார் சத்தம் காதில் விழவில்லை. கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு வரலாறு உள்ள காடாம். திரும்பி வந்ததும் ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓட்டினால் கூட்டம், பின்னால் ஓயாமல் மணிச்சத்தம். அமைதியும் வரலாறும் உள்ள காட்டு வழி சிங்கப்பூரில் கிடையாது, மலேசியாவின் ஜொகூர் போனால்தான் உண்டு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் நெடுநாளாகச் சைக்கிள் ஓட்டுபவர் என்பதால் கேட்கிறேன். அவர்கள் சொல்வது சரிதானா?

எம்., ஈசூன்

அன்புள்ள எம்.,

சரியில்லை. ஆனால் நியூ ஃபாரஸ்டை மனதில் வைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். அது 1079இல் முதலாம் வில்லியம் மன்னர் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடு. மன்னரின் மானுக்காகக் காட்டைக் காத்தார்கள். நம் ஊர்க் கதை நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டில் மிளகுத் தோட்டங்களும், தோல் பதனிடச் சாறு தரும் காம்பியர் செடித் தோட்டங்களும் தீவின் உள்பகுதிவரை போயின. காம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும், விறகுக்குப் பக்கத்துக் காடு. மண் சத்திழந்ததும் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். 1880களில் அரசாங்கம் விழித்துக்கொண்டு புக்கிட் தீமா குன்றைக் காப்புக்காடாக்கியபோது பழைய காடு மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. அப்புறம் கித்தா எனப்படும் ரப்பர் தோட்டங்கள் வந்தன, கம்பங்கள் எனப்படும் கிராமங்கள் வந்தன, அவையும் போயின. ஆகவே நீங்கள் கடக்கப்போகும் பச்சையில் பெரும்பகுதி, மனிதர்கள் வேலை செய்துவிட்டுப் போன இடத்தில் தானாக முளைத்தது. அந்த வேலையைச் செய்த கைகளில் நம்மவர் கைகளும் நிறைய உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் இந்தக் காட்டு வழிகள் வேறு மாதிரி தெரியும். இதை நான் மனதார நம்புகிறேன்.

பழைய ரயில் தடத்தில் தொடங்குங்கள். வடக்கே உட்லண்ட்ஸ் தொடங்கித் தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கி.மீ. நீளம். இந்தத் தீவில் ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். அப்போது அது நியூட்டன் வழியாக டாங்க் ரோடு வரை போயிற்று. 1932இல் பாதையைத் திருப்பித் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் அங்கிருந்து கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிப்போனார். மறுநாள், அதுவரை மலேசிய ரயில்வேயிடம் இருந்த நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள், தடம் மட்டும் மிஞ்சியது. ரயில் மேடு ஏறச் சிரமப்படும் என்பதால் தடம் முழுக்கவே பெரிய ஏற்றம் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். சின்னச் சக்கரம் வைத்த உங்கள் சைக்கிளுக்கு அது பெரிய உபகாரம்.

எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலில் வந்து கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்கினால் புக்கிட் தீமா ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். 1932இல் கட்டிய செங்கல் கட்டடம், பழுதுபார்த்து 2022இல் திறந்தார்கள். அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு மேடையில் கொஞ்சம் நில்லுங்கள். இது ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு சாவி வைத்திருந்தார்கள். அந்தச் சாவி கைக்கு வந்தால்தான் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் வண்டியை விடலாம். சாவியைப் பெரிய வளையத்தில் மாட்டி நிலைய ஊழியர் மேடையோரம் நின்று நீட்டுவார். ஓடும் வண்டியிலிருந்து கையை வெளியே விட்டு அதை வாங்கிக்கொள்வார்கள். 2011 வரை இந்த நாட்டில் இது நடந்தது. எம்ஆர்டி ஓடிக்கொண்டிருந்த அதே ஊரில், ரயில் பத்திரமாகப் போய்ச் சேர்வது ஒரு கை இன்னொரு கையை நம்பியதால்தான்.

அங்கிருந்து வடக்கே போனால் வலப்பக்கம் புக்கிட் தீமா காடு. 163 மீட்டர் உயரக் குன்றின் அடிவாரத்தை ஒட்டியே போவீர்கள். ஹில்வியூ பக்கம் இரும்புப் பாலம் வரும். காலை 7 மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு நடப்பவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும். தெற்கே போனால் கிளமெண்டி காடு. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் போட்ட கிளை ரயில் பாதை இந்தப் பக்கமாகத்தான் போயிற்று. அந்தக் காடும் முன்பு கித்தாத் தோட்டமாக இருந்ததுதான். குடியிருப்புக்கென்று குறித்த நிலம் என்பதால் எப்போதும் இப்படியே இருக்கும் என்று நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் தெற்கே, காமன்வெல்த் பக்கம் வந்ததும் தடத்தைவிட்டு இறங்கி ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் வைத்துக் கும்பிட்ட சிறு சன்னிதிதான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் கடல் தாண்டி வந்தவர்கள், கூடவே காவல் தெய்வத்தையும் கூட்டிவந்தார்கள். நியூ ஃபாரஸ்டில் நீங்கள் ஓட்டிய ரயில் தடமும் 1964இல் மூடப்பட்டதுதான். அந்த ஓரத்தில் உங்களுக்கு ஒரு முனீஸ்வரன் கிடைத்திருக்க மாட்டார்.

இனிப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். இதைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. இந்தக் காடுகளில் எங்கு போனாலும் வரிசை தப்பிய பால்மரங்களைப் பார்ப்பீர்கள். ரப்பர் கன்றுகள் இங்கே 1877இல் வந்தன. 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பிறகுதான் மலாயாவே கித்தாக் காடாயிற்று. வெயில் ஏறியதும் மேலே ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். மூன்று பிளவுள்ள காய் வெடித்து விதைகள் தூரத்தில் போய் விழும். பழுப்பில் புள்ளி போட்ட, பளபளப்பான விதை. தோட்டத்துப் பிள்ளைகள் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்து அலறவிடுவார்கள். தடித்த பழைய மரங்களில் இடுப்புயரத்தில் பட்டை மேடு பள்ளமாகப் புடைத்திருக்கும். பால் வெட்டிய கத்தி ஆழமாகப் போன இடம் அது. விரலால் தடவிப் பாருங்கள். பொழுது விடியுமுன் விளக்கோடு மரம் மரமாகப் போனவர்களின் கைவேலை.

உபின் தீவுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளுக்குத் தனியாகக் கட்டணம். சரளைப் பாதை என்பதால் உங்கள் மடக்கு சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, இறங்குதுறைக் கடைகளில் அகலச் சக்கரம் வைத்த சைக்கிளை வாடகைக்கு எடுப்பது நல்லது. குளங்களாகத் தெரிபவை பழைய கல் குவாரிகள். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924இல் முடிந்த ஜொகூர் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிற்று. தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா என்ற சதுப்புக் கரையில் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். அந்தக் கரையைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் 2001 கடைசியில் மக்கள் குரல் கொடுத்ததால் தள்ளிவைக்கப்பட்டது. அங்கே போனால் அந்த மக்களுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லுங்கள்.

கிராஞ்சி, நியோ தியூ சாலை, லிம் சூ காங் பக்கம் காட்டைவிடப் பண்ணைகளும் சதுப்பும்தான் அதிகம். வாரநாளில் லாரிகள் பறக்கும். ஞாயிறு விடிகாலை மட்டும் போங்கள், தலைக்கவசம் கட்டாயம், இருபுறமும் ஒரே தடமுள்ள சாலைகளில் ஒருவர்பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை கரையேறிய சரிம்பூன் அந்தப் பக்கம்தான். இங்கே உங்களைக் கடந்துபோகும் சைக்கிள்களில் விலையுயர்ந்த பந்தய வண்டிகள் இருக்கும். கைப்பிடியில் காய்கறிப் பை தொங்கவிட்டு, விடுதிக்குத் திரும்பும் நம் ஊர்த் தொழிலாளர்களின் துருப்பிடித்த வண்டிகளும் இருக்கும். அவர்களுக்கு ஒரு வணக்கம் வையுங்கள். வழி கேட்டால் இந்தப் பகுதியை அவர்களைப்போல் தெரிந்து சொல்பவர்கள் இல்லை.

மண் பாதையில் குதித்துக் குதித்து ஓட்டும் ஆசை வந்தால் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் சைக்கிளுக்கென்றே தனித்தடம் உண்டு. அமைதி தேடிப் போகிறவருக்கு அது தேவைப்படாது.

ரயில் தடத்தில் மணியை முடிந்தவரை அடிக்காதீர்கள். ஈஸ்ட் கோஸ்டில் உங்களுக்கு எரிச்சல் மூட்டிய அதே சத்தம், அங்கே பேரப்பிள்ளையோடு நடக்கும் ஒரு பாட்டியைத் திடுக்கிட வைக்கும். வேகத்தைக் குறைத்து, ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று சொன்னால் போதும். எந்த மொழியில் சொன்னாலும் ஒதுங்கிவிடுவார்கள்.

மடக்கிய அளவு 120க்கு 70க்கு 40 செ.மீ. தாண்டாவிட்டால் எம்ஆர்டியில் எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம், நிலையத்துக்குள் மடக்கியே வைத்திருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் தடத்தில் செம்மண் சேறு ஒட்டும், சக்கரத்தைச் சுற்ற ஒரு பழைய பையும் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி அடைமழையில் வேண்டாம். பிப்ரவரி நடுவில் தரை காய்ந்திருக்கும். அப்போது புக்கிட் தீமா நிலையத்திலிருந்து தெற்கே கோயில் வரை போய்த் திரும்புங்கள். உபினுக்குப் பிறகு போகலாம். ஜொகூர் எங்கும் ஓடிவிடாது.

அன்புடன்.