சாக்ஸனா, எக்ஸ்எஸ்எல்டிபிராக்கா: எது வேகம் என்று எப்படி அளப்பது?

யாழ்ப்பாணத்தில் பழைய கோயில் சிறப்பு மலர்களை எக்ஸ்எம்எல்லில் தட்டெழுதி, எச்டிஎம்எல்லாக, அதாவது இணையப் பக்கமாக மாற்றுகிறீர்கள். இப்படி மாற்றும் விதிகளை எழுதும் மொழி எக்ஸ்எஸ்எல்டி; அந்த விதிகளை ஓட்டும் மென்பொருள்கள்தான் சாக்ஸனும் எக்ஸ்எஸ்எல்டிபிராக்கும். சாக்ஸன் மெதுவாகத் தெரிகிறது, எக்ஸ்எஸ்எல்டிபிராக் சட்டென முடிக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா என்பது கேள்வி.

சின்னக் கோப்பை ஒரு தடவை ஓட்டினால் அப்படித்தான் தெரியும். சாக்ஸனின் வழக்கமான பதிப்பு ஜாவாவில் ஓடுவது. ஜாவா இயந்திரம் எழும்பவே நேரம் பிடிக்கும். அடிக்கடி ஓடும் பகுதிகளை அது இயந்திர மொழிக்கு மாற்றுவது பிறகுதான். சீ மொழியில் எழுதிய எக்ஸ்எஸ்எல்டிபிராக்குக்கு இந்தச் சுமை இல்லை. சாக்ஸனில் 'ரிப்பீட்' தெரிவைக் கொடுத்துப் பல தடவை ஓட்டி, முதல் சில ஓட்டங்களைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் இடைநிலையைப் பாருங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக்கின் 'டைமிங்' தெரிவு, கோப்பை வாசித்த நேரத்தையும் மாற்றிய நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும்.

ஆனால் நாளுக்கு நூறு கோப்பைத் தனித்தனிக் கட்டளையாக ஓட்டுவதுதான் உங்கள் வேலைமுறை என்றால், அந்தத் தொடக்க நேரத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மாதிரிக்கு ஆங்கிலக் கோப்பு வேண்டாம். 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு ஆறெழுத்து, யூடிஎஃப்-8 எழுத்துக் குறிமுறையில் 33 பைட். உங்கள் மலர்களையே கொடுங்கள், சின்னதும் பெரியதுமாக. அப்புறம், மத்தியான வெக்கையில் மடிக்கணினி சூடாகித் தன் வேகத்தைக் குறைக்கும். காலையில் ஒன்று, மத்தியானம் மற்றது என்று அளக்காமல் இரண்டையும் மாறிமாறி ஓட்டுங்கள்.

இன்னொன்று: எக்ஸ்எஸ்எல்டிபிராக்குக்கு எக்ஸ்எஸ்எல்டி மொழியின் 1999இல் வந்த 1.0 பதிப்பு மட்டுமே தெரியும். உங்கள் வார்ப்புரு, அதாவது விதிகளை எழுதிய கோப்பு, 2.0இன் குழுவாக்கத்தைப் பயன்படுத்தினால் ஒப்பீட்டுக்கே இடமில்லை.