குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் படிப்பு: மகளை அனுப்பலாமா?

ஐயா,

பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், சிறு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையும் நடத்தையையும் அளக்கும் ஆராய்ச்சிக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள், "குழந்தைகளோடு விளையாடுவதற்கா கடன் வாங்கிப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆற்றாமை புரிகிறது. இந்தத் துறையில் பிழைப்பு உண்டு. ஆனால் உள்ளே போக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்றில் நுழைந்துவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்க்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதற்குமுன், வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்பது மாதக் குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. சோதிப்பவர் மேசையில் ஒரு சிறு கட்டையை வைக்கிறார். குழந்தை அதைக் கை முழுவதாலும் வாரி எடுக்கிறதா, விரல் நுனிகளால் எடுக்கிறதா? இரண்டாவது கட்டையை நீட்டும்போது முதல் கட்டையைக் கீழே போட்டுவிடுகிறதா, பிடித்தபடியே வாங்குகிறதா? தாய் ஆர்வத்தில் "எடு கண்ணு" என்று குழந்தையின் கையைப் பிடித்து நகர்த்திவிட்டால் அந்த முயற்சி கணக்கில் சேராது. பசியோ தூக்கமோ வந்துவிட்டால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். காலையில் வந்த குழந்தைக்கும் மாலையில் வந்த குழந்தைக்கும் கையேட்டில் உள்ளபடி ஒரே கட்டை, ஒரே சொற்கள், ஒரே வரிசை. பிறகு அந்தக் காணொளியை இன்னொருவர் பார்த்துத் தனியாக மதிப்பெண் போடுவார். இருவர் போட்டதும் ஒத்துப்போகவில்லையென்றால் பயிற்சியைத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். குழந்தை இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்திருந்தால் ஒன்பது மாத வயதை ஏழாகக் கொண்டு மதிப்பிட வேண்டும். இதை மறந்தால் நன்றாக இருக்கும் பிள்ளைக்குக் குறை எழுதிக் கொடுத்துவிடுவோம். விளையாட்டு குழந்தைக்கு மட்டும்தான், ஐயா.

நான்சி பெய்லி என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கி 1969இல் வெளிவந்த பெய்லி அளவுகோல்தான் உலகெங்கும் அதிகம் புழங்குகிறது. 2019இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. அதை அடியொற்றி இந்தியக் குழந்தைகளுக்காகப் பரோடாவில் பிரமிளா பாடக் தலைமையில் உருவான அளவுகோல் 'டாசி' (DASII). உடல் இயக்கத்துக்கு 67, மன வளர்ச்சிக்கு 163 என்று இரண்டரை வயது வரைக்குமான சோதனைகள் அதில் உள்ளன. உலக சுகாதார நிறுவனமும் மூன்று வயது வரைக்குமான ஒரு பொது அளவுகோலை 2023இல் வெளியிட்டது.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தை தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று ஒரு கணக்கு வைத்துப் பாடினார்கள். ஆய்வாளர்களுக்கு அப்படி ஒரே மாதம் கிடையாது. பிடிமானமில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான் என்று 2006இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அந்தப் படியைத் தாண்டியே நடக்கத் தொடங்கினார்கள். முதல் வயதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துப் பள்ளி வயது அறிவுத்திறனைக் கணிக்க முடிவதில்லை என்பதையும் பெய்லியே தம் நெடுங்கால ஆய்வில் கண்டார். "இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?" என்று சலிக்காமல் கேட்கிறவர்களுக்குத்தான் இந்த ஆராய்ச்சி ஒத்துவரும். ஆகவே மகளிடம் குழந்தைகளைப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள். புள்ளியியல் தாளில் எத்தனை மதிப்பெண், அதைப் படிக்கும்போது அலுப்புத் தட்டியதா என்று கேளுங்கள். அலுப்புத் தட்டியிருந்தால் ஆராய்ச்சி வேண்டாம்.

இனி வாசல்கள். முதலாவது, மருத்துவமனை, சிகிச்சை மையம் சார்ந்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று பலகை மாட்டி, குழந்தையைச் சோதித்துச் சான்றறிக்கை தர இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். வெறும் எம்.எஸ்சி. உளவியல் அதைத் தராது. இரண்டாண்டு எம்.ஃபில்.தான் நெடுங்காலமாக இதற்கான வழி. எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 வரை விலக்கு அளித்தது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. கல்லூரி விளம்பரத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்று இருப்பதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு ஒப்புதல் உண்டா என்று கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் நீங்களே பாருங்கள். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களை முதலில் பார்ப்பது நல்லது. இடம் குறைவு, போட்டி கடுமை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே கண்டு உதவ மாவட்ட அளவில் அமைந்த தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் உளவியலாளர் பணியிடமும் உண்டு. அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்.

இரண்டாவது ஆராய்ச்சி வாசல். உளவியலிலோ மனித மேம்பாட்டிலோ முதுகலை முடித்து, ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்து, பிறகு முனைவர் பட்டம். ஊட்டச்சத்துக் குறைவும் குடல் தொற்றும் குழந்தைகளின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன என்று எட்டு நாடுகளில் நடந்த 'மால்-எட்' ஆய்வில் வேலூரும் ஒரு களம். அங்கே பெய்லி அளவுகோலைத் தமிழ்க் குழந்தைகளிடம் பயன்படுத்த, தமிழில் பேசி, தெருவும் வீடும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பனிக் கையுறைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளை விழிக்கத்தான் செய்யும், அது அறிவுக் குறைவு அல்ல என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் நிஜமான தேவை இருக்கிறது. ஆனால் திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். முனைவர் பட்டம் வரை ஏழெட்டு ஆண்டுகள் வருமானம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். கல்விக்கடன் தவணை அதற்குக் காத்திருக்காது என்பதால், கடன் எவ்வளவு என்பதை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடன் சுமை பெரிதென்றால் முதல் வாசல் வழியாகப் போகட்டும். பதிவு கையில் இருந்தால் பிற்பாடு ஆராய்ச்சிக்கும் வரலாம். எதிர்த்திசையில் வருவது கடினம்.

இந்த விடுமுறையில், பொறுப்பாளரின் அனுமதியோடு, பக்கத்து அங்கன்வாடியில் சில நாட்கள் காலை நேரத்தில் மகள் உட்காரட்டும். ஒரே ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்த்து, செய்வதை மட்டும் எழுதட்டும். 'சமர்த்து', 'அடம்' என்ற தீர்ப்புச் சொற்கள் வரக் கூடாது. 'பந்தை இடக்கையில் எடுத்தான், மூன்று முறை வாயில் வைத்தான்' என்பதுபோல. கல்லூரித் தோழி ஒருத்தியும் அதே குழந்தையை அதே நேரத்தில் தனியாக எழுதட்டும். மாலையில் இரண்டு நோட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே வேறுபட்டார்கள், ஏன் என்று இருவரும் உட்கார்ந்து பேசட்டும். அதில் மகளுக்கு ருசி தட்டுகிறதா என்று பாருங்கள். முதுகலை விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.