விறாந்தை மேசையை விட்டு எழும்புங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. நுண்கலை படித்துப் பட்டம் எடுத்து மூன்று வருடமாகிறது. நல்லூரில் ஒரு பழைய நாற்சார் வீட்டை வாடகைக்கு எடுத்து, கலைஞர்கள் தங்கியிருந்து தங்கள் வேலையைச் செய்ய ஆறு வார ரெசிடென்சி ஒன்று நடத்துகிறார்கள். ஜேர்மனி, ஜப்பான், மெக்சிக்கோ, கொழும்பு என்று ஐந்து பேர் வந்து தங்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து தெரிவானவள் நான் மட்டும். அவர்களுக்கு ஆளுக்கொரு அறை. நான் வீட்டில் இருந்து ஸ்கூட்டியில் போய் வருவதால் எனக்கு விறாந்தையில் ஒரு மேசை. மூன்று வாரம் முடிந்துவிட்டது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் தாள் விரித்து, பென்சிலால் உரசி எடுத்த மூன்று படிகள்தான் இதுவரை நான் செய்தவை. மிச்ச நேரமெல்லாம் மற்றவர்களோடு அலைச்சல். ஒருவருக்கு நெடுந்தீவு பார்க்க வேண்டும், ஒருவருக்குச் சந்தையில் பனையோலைப் பெட்டி வாங்க வேண்டும், இன்னொருவருக்கு வயதானவர்களின் குரலைப் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு நான்தான். அரியாலையில் ஒரு அம்மம்மா, கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்த காலத்துக் கதை சொன்னா. துலா, ஆடுகால், பட்டை, ஒன்றுக்கும் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. கடைசிக் கிழமை, நல்லூர்த் திருவிழாவுக்குள், 'திறந்த ஸ்டூடியோ' நாள் வருகிறது. அன்றைக்கு ஆளுக்கு 20 நிமிடம் ஆங்கிலத்தில் பேசவும் வேண்டும். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அப்பா ஒவ்வொரு இரவும் "இண்டைக்கு என்ன செய்தனி?" என்று கேட்கிறார். விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இருக்கிறது.
– கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, விட்டுவிட்டு வரவேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது அந்த விறாந்தை மேசை பற்றிய வரியைத்தான். நாற்சார் வீட்டில் விறாந்தை எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை. குசினிக்குப் போகிறவரும் அதால்தான் போகவேண்டும், கிணற்றடிக்குப் போகிறவரும் அதால்தான். வெளியில் இருந்து யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிறவர் அங்கே இருக்கிறவர்தான். அந்த இடத்தில் மேசை போட்டு இருக்கிற பிள்ளையைப் பார்த்து, இவ தன் வேலையில் இருக்கிறா என்று யாருக்குத் தோன்றும்? கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறா என்றுதான் தோன்றும். மற்றவர்கள் நல்லவர்கள்தான் என்று நம்புகிறேன். உங்களை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவோம் என்று அவர்கள் கூடிக் கதைத்திருக்க மாட்டார்கள். மேசை போட்ட இடமே அந்த வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டது.

ஆகவே நாளைக்கே ஒரு அறை கேளுங்கள். இரவு தங்காத பிள்ளைக்கு அறை எதற்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். படுப்பதற்கில்லை, வேலை செய்வதற்கு என்று சொல்லுங்கள். பழைய வீடு என்றால் நெல்லு மூட்டை அடுக்கிய அறை, தட்டுமுட்டுச் சாமான் போட்ட அறை என்று ஏதாவது ஒன்று பூட்டிக் கிடக்கும். ஒரு நாள் கூட்டித் துடைத்தால் போதும். யன்னல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சாத்துவதற்குக் கதவு வேண்டும், சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரெசிடென்சி என்ற ஏற்பாட்டின் உயிரே அந்தச் சாத்திய கதவுதான். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மக்டவல் என்று ஒரு இடம் இருக்கிறது. 1907இல் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே தனித்தனி ஸ்டூடியோக்கள். மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். அழைப்பில்லாமல் ஒருவர் மற்றவருடைய ஸ்டூடியோவுக்குப் போவதும் அங்கே வழக்கமில்லை. இருந்து வேலை செய்தவர்கள் ஸ்டூடியோவில் உள்ள பலகையில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அடிக்கடி நினைவில் வருவது அந்தக் கூடைதான். உள்ளே இருக்கிறவரின் நினைப்புக் குலையக் கூடாது என்று ஒருவர் சத்தமில்லாமல் வந்து, வைத்துவிட்டுப் போகிறார். எங்களுடைய வீடுகளில் ஒரு பெண்பிள்ளையின் காலை நேரத்தை யார் அப்படிக் காத்துத் தந்தார்கள்?

அது வசதியான நாட்டுக் கதை என்று நீங்கள் சொல்லலாம். சரி, சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். கையில் காசு இல்லை. பத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்துக்கு நேரம் தேடிக்கொண்டார்கள். பிழைப்புக்கான வேலை எது, தங்களுடைய வேலை எது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உங்களுக்கு இந்த மூன்று வாரமும் குழம்பிப் போனது அதுதான்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். என் கதையையே சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் வெளிநாட்டில் ஒரு சின்ன மலை ஊரில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்கும் வீடு ஒன்றில் எனக்கு ஒரு மாதம் இடம் கிடைத்தது. முதல் சனிக்கிழமை பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். எல்லாரும் விரல் சூப்பிச் சாப்பிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார்கள். மூன்றாவது கிழமை ஊர் ஆட்களையும் கூப்பிட்டு எனக்கு ஒரு சமையல் மாலையே வைத்துவிட்டார்கள். நான் எழுதப் போன நாவலின் முதல் அத்தியாயம் போன மாதிரியே பெட்டிக்குள் திரும்பி வந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வெறும் தாளுக்கு முன்னால் இருக்கப் பயமாக இருந்தது, அடுப்படியில் பயமே இல்லை. அகப்பையைக் கையில் எடுத்தது நான்தான். உங்கள் அலைச்சலிலும் பாதி இப்படித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இரவில் தனியே இருந்து நேர்மையாக யோசித்துப் பாருங்கள். அப்படி இல்லை என்றால் இந்தப் பந்தியை மறந்துவிடுங்கள்.

ரெசிடென்சியை நடத்துகிற இணைப்பாளருக்கு என்ன சொல்வது? வாயால் சொன்னால் சிரிப்பில் கரைந்து போகும், வட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள். "காலை 9 மணியில் இருந்து 1 மணி வரை நான் என் வேலையில் இருப்பேன். கிழமைக்கு இரண்டு பின்னேரம் மற்றவர்களோடு வெளியே வருவேன். மிச்ச நாள்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யுங்கள்." இவ்வளவு போதும், மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும் சேர்க்க வேண்டாம். மொழிபெயர்ப்பு என்பது ஒரு தொழில். இந்த ஊரில் அதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். நெடுந்தீவுக்கு மட்டும் இனிப் போகாதீர்கள். குறிகட்டுவானில் காலையில் படகு ஏறினால் வீடு திரும்ப முழு நாளும் போய்விடும்.

போகிற அந்த இரண்டு பின்னேரத்திலும் ஒன்றில் கவனமாக இருங்கள். அரியாலை அம்மம்மா பதிவுக்குச் சம்மதித்தது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான். அந்தக் குரல் எங்கே போகும், எந்த நாட்டில் யாருக்குப் போட்டுக் காட்டப்படும், அவவுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று பதிவு செய்தவரிடம் கேளுங்கள். கேட்டதைத் திரும்பப் போய் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவ சொன்னால் வேண்டாம்தான். உங்கள் மொழிபெயர்ப்பு அந்தப் படைப்பில் வந்தால் உங்கள் பெயரும் வரவேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், வெட்கப்பட்டேன் என்று எழுதினீர்களே, அந்த இடம்! அதை வாசித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. துலாவுக்கு ஆங்கிலத்தில் அகராதிச் சொல் ஏதாவது இருக்கும். ஆனால் ஒருவர் அந்த நீள மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே இன்னொருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, தண்ணீர் வாய்க்கால் வழியே தோட்டத்துக்கு ஓடியதை ஒரு சொல்லில் எப்படிக் கொடுப்பது? அம்மம்மா சொல்லச் சொல்ல உங்கள் கண்ணில் அது தெரிந்திருக்கிறது, பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. நீங்கள் திக்கி நின்ற அந்த நிமிடத்தில் அந்த ஐந்து பேரிடமும் இல்லாத ஒன்று உங்களிடம் இருந்தது. உங்கள் மூன்று படிகளும் கிணற்றடியில் எடுத்தவை. உங்களுக்கு வராமல் போன சொற்களும் கிணற்றடிச் சொற்கள். ஒன்றும் செய்யவில்லை என்றா சொல்கிறீர்கள்? அந்தச் சொற்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். எப்படி வரைவது, எப்படித் தொங்கவிடுவது என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடவில்லை.

கேட்பதில் இருந்தே படைப்பு வரும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல் 2011இல் வந்தது, நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவில் இருந்து வரைந்தார்கள். அதைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுப் படமாக்கினார். அதன் பக்கத்தில் ஓவியர் தன் ஓவியத்தை வைத்தார். இடம்பெயர்ந்தவர்களிடம் கேட்டதுதான் அந்த நூலின் அத்திவாரம்.

பேச்சைத் தமிழில் பேசுங்கள். மூன்று வாரம் அவர்களுக்கு நீங்கள் மொழிபெயர்த்தீர்கள், அன்றைக்கு உங்களுக்கு ஒருவர் மொழிபெயர்க்கட்டும். இதை இப்போதே இணைப்பாளரிடம் சொல்லிவைத்தால்தான் ஆள் பிடிக்க நேரம் இருக்கும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரம் இரண்டு மடங்காகும், அதனால் 10 நிமிடத்துக்கு மட்டும் ஆயத்தம் செய்யுங்கள். கலைக் கோட்பாடு எதிலும் தொடங்காதீர்கள். உரசிய தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எந்தக் கல், அதில் யார் தோய்த்தார்கள், குழி ஏன் ஒரு பக்கம் மட்டும் ஆழம் என்று தொடங்குங்கள்.

காட்ட ஒன்றும் இல்லை என்ற பயத்தையும் விடுங்கள். திறந்த ஸ்டூடியோ கண்காட்சி ஆகாது. 1982இல் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கிய ட்ரையாங்கிள் பட்டறையில் பல நாட்டு ஓவியர்கள் இரண்டு வாரம் ஒன்றாக வேலை செய்துவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். கொழும்பில் 2000இல் தொடங்கிய 'தீர்த்த' கலைஞர் அமைப்பும் அந்தப் பட்டறையில் இருந்து வளர்ந்த வலையமைப்பைச் சேர்ந்ததுதான். வருகிறவர்கள் பார்க்க வருவது நடந்துகொண்டிருக்கிற வேலையை. நிலத்தில் தாள் கிடக்கட்டும், பென்சில் தூள் கிடக்கட்டும், சரிவராத படியும் கிடக்கட்டும்.

அந்த நாளுக்கு எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. இப்படியான நிகழ்ச்சிகளுக்குக் கொழும்பில் இருந்து ஆள் வரும், விரிவுரையாளர்கள் வருவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வரமாட்டார். படலை திறந்திருந்தாலும் இது தங்களுக்கில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். உங்களுக்கோ திருவிழாக் காலம் வாய்த்திருக்கிறது. 25 நாளும் சனம் கோயிலுக்கு நடந்து போகும், கோயிலைச் சுற்றி வீதியையும் வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். படலையடியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுங்கள். மோர், சர்க்கரைத் தண்ணீர். அறிவிப்பைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். மோர் குடிக்க நிற்கிற ஆச்சிமாரில் நாலு பேர் உள்ளே எட்டிப் பார்த்தாலே போதும், கல்லைக் கண்டதும் கதை தானாக வரும். பின்னேரப் பூசைக்கு முந்திய நேரமாகப் பாருங்கள், பூசை தொடங்கினால் எல்லாரும் கோயிலுக்குள் போய்விடுவார்கள்.

அப்பாவை அன்றைக்குக் கூட்டம் சேர முன்னமே கூட்டிக்கொண்டு போங்கள். கோண்டாவில் தோட்டக்காணிப் பக்கம். இன்றைக்கு இரவு "என்ன செய்தனி?" என்று அவர் கேட்கும்போது, நீங்களும் அவரிடம் ஒன்று கேளுங்கள். அவர் சின்ன வயதில் துலா மிதித்திருக்கிறாரா? அவருடைய அப்பா மிதிக்கக் கண்டிருக்கிறாரா? கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.