வண்ணத் திரைக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் கறுப்பு வெள்ளை மின்னூல் வாசிப்பான் நன்றாகவே இயங்குகிறது. வண்ணத் திரைகள் வந்துவிட்டதால் இனி இது உதவாது, மாற்றிவிடுங்கள் என்கிறார் விற்பனையாளர். மாற்றட்டுமா, இதைவிட நல்ல திரை வரும்வரை பொறுக்கட்டுமா?

பதில்: இரண்டுமே தேவையில்லை. கதை, கட்டுரை படிப்பவருக்குக் கையிலிருக்கும் திரையே போதும். இன்று பரவலாக விற்கும் கலைடோ வகை வண்ணத் திரை, பழைய கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ண வடிகட்டி ஒன்றைப் படியவைத்ததுதான். அந்த வடிகட்டி வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், வெள்ளைப் பக்கம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்; திரை விளக்கைக் கூட்டினால் மின்கலம் சீக்கிரம் தீரும்.

படக்கதை, நிலப்படம், வண்ண வரைபடங்கள் நிறைந்த பாடநூல் ஆகியவற்றை அன்றாடம் படிப்பவர் மட்டும் விதிவிலக்கு. அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலைடோ 3 எழுத்துகளை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் காட்டினாலும் வண்ணத்தை 150 புள்ளிகளில்தான் காட்டும். வடிகட்டி இல்லாமல், திரைக்குள் நகர்ந்து படத்தை உருவாக்கும் துகள்களுக்கே நிறமேற்றிய கேலரி 3 என்ற வேறு வகைத் திரை வண்ணத்திலும் 300 புள்ளிகள் தருகிறது. ஆனால் மிக உயர்ந்த தரத்தில் ஒரு பக்கம் மாற ஒன்றரை நொடி பிடிக்கும். ஆகவே வழக்கமாகப் படிக்கும் நூலின் பக்கத்தையே வாங்க நினைக்கும் கருவியில் திறந்து, திரை விளக்கை அணைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

புதிய திரை வருகிறது என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பதும் வீண். குவால்காம் நிறுவனத்தின் மிராசோல் என்ற வண்ணத் திரை 2011இல் வாசிப்பானில் வந்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் பின்வாங்கியது. அமேசான் 2013இல் வாங்கிய, வண்ணத் திரை உருவாக்கிவந்த லிக்வாவிஸ்டா நிறுவனமும் 2018இல் மூடப்பட்டது.

இவற்றைவிடப் பெரிய பொறி, "காகிதம் போன்ற திரை" என்ற விளம்பரம். பளபளப்பு நீக்கிய சாதாரண எல்சிடி பலகைக்கும் இதே பெயரைச் சூட்டி, மின்தாள் (மின்னூல் வாசிப்பான்களில் இருக்கும் திரைவகை) என்றே விற்கும் இடைத்தரகர்கள் ஏராளம். கருவியை முழுவதுமாக அணைக்கச் சொல்லுங்கள். மின்தாளுக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், தாங்கி நிற்க வேண்டாம் என்பதால், கடைசிப் பக்கமோ அட்டைப்படமோ பெரும்பாலும் திரையில் அப்படியே இருக்கும்; எல்சிடி இருண்டுவிடும். இந்த எளிய வேறுபாட்டைப் பெட்டியின் மேல் ஒரு வரியில் அச்சிட நிறுவனங்களுக்கு என்னதான் தடை? நன்றாக இருக்கும் திரைக்கு மென்பொருள் ஆதரவை நிறுத்திப் பழசாக்கத் தெரிந்தவர்களுக்கு, உடைந்த திரையை மட்டும் நியாயமான விலைக்கு மாற்றித் தருவது ஏனோ முடிவதில்லை. பெரும்பாலான மின்தாள் திரைகளின் அடித்தகடு மெல்லிய கண்ணாடி. பையில் அழுத்தம் பட்டாலே விரிசல் விடும். புதிய கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதியைக் கெட்டியான உறை ஒன்றுக்குச் செலவிடுங்கள்.