எதிரணி வாக்கு இல்லாமல் இலங்கை அரசியலமைப்பைத் திருத்த முடியுமா?

ஆளும் தரப்பின் கையில் 150 பேர் இருந்தால் முடியும். கோட்டே பாராளுமன்றத்தில் மொத்தம் 225 உறுப்பினர்கள். திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு என்பது சபைக்கு வந்தவர்களில் அல்ல, வராதவர்களையும் சேர்த்த மொத்தத்தில். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: எதிரணி எழுந்து போனாலே அது எதிர்த்து வாக்களித்த மாதிரிதான்.

அதனால் 150 பேர் இல்லாத ஆளும் தரப்பு விவாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். எந்தப் பிரிவு உறுத்துகிறது என்று எதிரணிக் கொறடாவிடம் கேட்டு, திருத்த வாசகத்தை எழுத்தில் வாங்கி, குழுநிலையில் (சபை மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும் கட்டத்தில்) சேர்ப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்மொழி வாக்குறுதி அங்கே செல்லாக்காசு.

2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் 179 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர் ஒருவர் மட்டுமே.